ஓடாமல் இருந்தவர்கள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

1930களில் அமெரிக்கச் சமவெளியில் அடித்த புழுதிப் புயல்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எனக்கு அந்த விவசாயிகள் மேல் பெரிதாக இரக்கம் வரவில்லை. காலங்காலமாகப் புல் மூடிக் கிடந்த நிலத்தை டிராக்டர் வைத்துச் சில வருடங்களில் உழுது தள்ளினார்கள். மழை பொய்த்ததும் மண் பறந்துவிட்டது. பேராசைக்குக் கிடைத்த கூலிதானே இது? அப்புறம் எல்லோரும் காரில் சாமான்களைக் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார்கள். எங்கள் கரிசல் சம்சாரிக்கு அப்படிப் போக எந்தக் கலிபோர்னியா இருக்கிறது?

ர. செ., கோவில்பட்டி

அன்புள்ள ர. செ.,

பேராசை என்று நீங்கள் சொல்வதில் பாதி சரி. அங்கே 'சூட்கேஸ் விவசாயிகள்' என்று ஒரு கூட்டமே இருந்தது. டவுனில் வேறு தொழில் பார்ப்பவர்கள். வந்து கோதுமை விதைத்துவிட்டுப் போவார்கள், மறுபடி அறுப்புக்குத்தான் தலைகாட்டுவார்கள். விலை விழுந்ததும் உழுத நிலத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனவர்களில் இவர்கள் நிறைய. ஆனால் நான் எழுதியது அந்த நிலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த குடும்பத்தைப் பற்றி.

அந்தக் குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். 1909-இல் வந்த சட்டம் இந்த வறண்ட பகுதியில் ஒரு குடும்பத்துக்கு 320 ஏக்கர் வரை சும்மா கொடுத்தது, குடியிருந்து பயிர் செய்தால் போதும். அதே ஆண்டில் அரசின் மண் துறை, மண் என்பது நாட்டின் அழியாத சொத்து, தீரவே தீராது என்று அச்சடித்து வெளியிட்டது. முதல் உலகப் போரின்போது ஒரு புஷல் கோதுமைக்கு, அதாவது சுமார் 27 கிலோவுக்கு, 2 டாலருக்கு மேல் விலை உறுதி கிடைத்தது. கோதுமைதான் போரை ஜெயிக்கும் என்று பிரச்சாரம் வேறு. உழாமல் இருந்தவனைத்தான் ஊரார் கிறுக்கன் என்றிருப்பார்கள்.

போர் முடிந்ததும் விலை இறங்கியது. தவணை இறங்கவில்லை. டிராக்டர், சட்டிக் கலப்பை, அறுவடை இயந்திரம் எல்லாம் கடனில் வாங்கியவை, நிலம் அடமானத்தில். விலை பாதியானால் அதே கடனைக் கட்ட இரண்டு மடங்கு விளைய வேண்டும். இன்னும் கொஞ்சம் புல்லைப் புரட்டுவதைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லோரும் அதையே செய்ததில் 1931-இல் அமோக விளைச்சல். விலை புஷலுக்கு 40 சென்ட்டுக்கும் கீழே போனது. விளைவித்த செலவுகூடத் தேறவில்லை. மழை நின்றது இதற்கெல்லாம் பிறகு. வறட்சி வந்தபோது அவர்கள் ஏற்கெனவே நொடித்திருந்தார்கள்.

புல் இருந்த காலத்திலும் அங்கே மழை பொய்த்திருக்கிறது. 1890களின் வறட்சி பல குடும்பங்களை ஊரை விட்டே விரட்டியது. ஆனால் 1930களில் பறந்த அளவுக்கு மண் கிளம்பவில்லை. உங்கள் ஊர்ப் புழுதி உழவு மாதிரி, மேல் மண்ணை மாவாக வைத்திருந்தால் அடியில் ஈரம் காக்கும் என்று அங்கும் நிபுணர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தடுக்க மரமோ மேடோ இல்லாத வெளியில், மழையும் வராமல் போனால், அந்த மாவு என்ன ஆகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஒரு குடும்பம் தன் நிலத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பயனில்லை. பக்கத்தில் சூட்கேஸ்காரர் விட்டுப்போன தரிசிலிருந்து பறந்த மண் முளைத்து நின்ற பயிரை அறுத்துப் போட்டது, வேலியை மூடியது.

வீட்டுக்குள் நடந்ததைத்தான் நான் விரிவாக எழுதியிருக்க வேண்டும். ஜன்னல் இடுக்கில் மாவுப் பசை தடவிய காகிதத்தை ஒட்டி, அதன் மேல் ஈரப் போர்வையைத் தொங்கவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் போர்வை சேறாகிவிடும். சாப்பாட்டு மேசையில் தட்டையும் கோப்பையையும் கவிழ்த்தே வைப்பார்கள். உணவைப் பரிமாறும் நேரத்தில்தான் நிமிர்த்துவது. ரொட்டி மாவை அலமாரி இழுப்பறைக்குள் வைத்து, மேலே துணி மூடி, துணியில் கை நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டை போட்டுப் பிசைந்த பெண்கள் உண்டு. அப்படியும் ரொட்டி பல்லில் நறநறக்கும். பறக்கும் புழுதி உரசி மின்சாரம் ஏறுவதால் முள்கம்பி வேலியில் பொறி பறக்கும். கைகுலுக்கினால் ஆளைத் தள்ளுகிற மாதிரி அதிர்ச்சி அடிக்கும். கார்கள் நின்றுபோகாமல் இருக்கப் பின்னால் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள்.

இதெல்லாம் அசௌகரியம்தானே என்று தோன்றலாம். குழந்தைகளும் வயதானவர்களும் செத்தார்கள். நுரையீரலில் மண் சேர்ந்து வந்த காய்ச்சலுக்குப் புழுதி நிமோனியா என்றே பெயர். 1935-இல் செஞ்சிலுவைச் சங்கம் முகமூடி கொடுத்து, தற்காலிக மருத்துவமனைகளையும் திறக்க வேண்டி வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு. காலையில் வானம் தெளிவாக இருந்ததால் ஜன்னல்களைத் திறந்து வீட்டைக் கழுவிவிட்டுக் கோவிலுக்குப் போனவர்கள் பலர். பிற்பகலில் வடக்கிலிருந்து கரும் சுவர் ஒன்று வந்தது. தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. உலகம் முடிகிறது என்று முழங்காலிட்டவர்கள் இருந்தார்கள்.

மாடுகளின் கதை தனி. தீவனம் இல்லாமல், காற்றில் உருண்டு வரும் முள்செடியை உப்புப் போட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். 1934-இல் அரசு மாடுகளை விலைக்கு வாங்கியது, தலைக்கு அதிகபட்சம் 20 டாலர். நடக்கத் தெம்பில்லாதவற்றை அங்கேயே சுட்டுப் புதைத்தார்கள். வளர்த்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது உங்கள் கலிபோர்னியா. புழுதியின் மையமான மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக் குடும்பங்கள் போகவே இல்லை. கலிபோர்னியா முகாம்களின் படங்களில் நாம் பார்க்கிற பலர் ஓக்லஹோமாவின் கிழக்குப் பக்கத்திலிருந்தும் அதை ஒட்டிய மாநிலங்களிலிருந்தும் போன பருத்திக் குத்தகைக்காரர்கள். அவர்களை விரட்டியதில் வறட்சிக்குப் பங்கு உண்டு. அரசுப் பணத்துக்கும் உண்டு. 1933 முதல், விதைப்பைக் குறைத்தால் நிலத்துக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்தது. நிலச் சொந்தக்காரர் அதை வாங்கி டிராக்டர் எடுத்தார், குத்தகைக் குடும்பத்தைப் போகச் சொன்னார். அதே காசோலைதான் மேற்கே கோதுமை நிலம் வைத்திருந்தவரை ஊரிலேயே தங்க வைத்தது. யாரும் வாங்காத நிலத்தை வைத்துக்கொண்டு, அந்தக் காசோலையிலும் ரோடு போடும் நிவாரண வேலையிலும் வருடங்களை ஓட்டினார்கள். கலிபோர்னியாவும் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை. 1936-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸ், தன் எல்லையே இல்லாத மாநில எல்லைக்குப் போய் நின்று, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பியது.

தங்கியவர்களில் கேரோலின் ஹெண்டர்சனைச் சொல்வேன். 1907-இல் தனி ஆளாக ஓக்லஹோமாவின் மேற்கு முனைக்கு வந்து நிலம் பிடித்த ஆசிரியை. மூக்குக்குள் வாசலின் தடவி, முகத்தில் கைக்குட்டை கட்டி, வீட்டிலிருந்து மண்ணை அள்ளிக் கொட்டுவதைக் கடிதங்களில் எழுதியிருக்கிறார். வேறிடத்தில் கிடைக்கக்கூடிய சௌகரியத்துக்காக இதை அறுத்துக்கொண்டு போவது, ஏற்ற வேலையைக் கைவிடுவது போல இருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. போனவர்கள் எதையும் கைவிடவில்லை என்றே நினைக்கிறேன். டெக்சாஸின் டால்ஹார்ட்டில் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கடைசி வரை ஊரை விட்டுப் போகமாட்டோம் என்று சங்கமே ஆரம்பித்தார். மறு வருடமே வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்!

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பேராசை வாதத்துக்கு அதில் கொஞ்சம் தீனி இருக்கிறது. 1935-இல் மண் பாதுகாப்புக்கு என்று தனித் துறை வந்தது. சரிவுக்குக் குறுக்கே சம உயரக் கோட்டில் உழுவது, நடுவே பட்டைப் பட்டையாக வேறு பயிர் விடுவது என்று கற்றுக் கொடுத்தார்கள், செய்தவருக்குப் பணமும் கொடுத்தார்கள். 1942 வரை சுமார் 22 கோடி மரங்களைக் காற்றுத் தடுப்பாக நட்டார்கள். 1940களில் மழை திரும்பியது, இரண்டாம் போர் வந்தது, கோதுமை விலை ஏறியது. சூட்கேஸ்காரர்களும் திரும்பி வந்து புல்லைப் புரட்டினார்கள். 1950களில் மறுபடி வறட்சி, மறுபடி புழுதி. நொடித்துப்போன நிலங்களை அரசே விலைக்கு வாங்கிப் புல் விதைத்த இடங்கள் இன்றும் உழப்படாமல் இருக்கின்றன. கன்சாஸின் சிமரான், கொலராடோவின் கோமான்சி புல்வெளிகள் அப்படி வந்தவை. அவற்றில் இப்போது அனுமதிச் சீட்டு வாங்கி மாடு மேய்க்கிறார்கள்.

அன்புடன்.