டியூக்ஸ்பரியில் வீடு வாங்க முதல்

தம்பி, இங்கிலாந்தின் டியூக்ஸ்பரியில் ஒழுங்கை ஓரமாக ஒரு பழைய மரச்சட்ட வீடு பார்த்திருக்கிறீர்கள், விலை 320,000 பவுண், நீங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருசம். வெள்ளம் வருமா, வாங்கலாமா, தமிழ்க் கடை, பள்ளிக்கூடம், குளிர் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கடையும் குளிரும் யாரும் சொல்வார்கள். வீட்டைப் பற்றித்தான் ஒருவரும் முழுதாகச் சொல்வதில்லை. வந்த புதிதில் எங்களுக்கும் சொல்ல ஆள் இருக்கவில்லை.

முதலில் வரி. முதல் வீடு வாங்குபவருக்கு 300,000 பவுண் வரை முத்திரை வரி இல்லை. ஆகவே உங்களுக்கு 1,000 பவுண்தான் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். ஊரில் உங்கள் பேரில் வீடு இருக்கிறதா என்று அவர் கேட்டிருக்க மாட்டார். "முதல் வீடு" என்றால் உலகத்தில் எங்குமே, முதுசமாகக்கூட, வீடு இருந்திருக்கக் கூடாது. இருந்திருந்தால் சலுகை போய் வரி 6,000 பவுண் ஆகும். வாங்கும் நாளிலும் 40,000 பவுணுக்குக் குறையாத வீடோ பங்கோ கையில் இருந்தால் இன்னும் 5 வீதம் ஏறி 22,000. மனைவியின் சீதன வீடும் இதில் சேரும். கணவன் மனைவி இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள், உறுதி யார் பேரில் இருக்கிறது என்பது பொருட்டில்லை. வெறும் காணி என்றால் பிரச்சினை இல்லை. "ஊரில் இருக்கிறது இங்கே யாருக்குத் தெரியப்போகுது" என்று கோயிலில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவருடைய பேச்சைக் கேட்காமல் உங்கள் சட்டத்தரணியான சொலிசிற்றரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

இனி வெள்ளம். டியூக்ஸ்பரி, செவர்ன் ஆறும் ஏவன் ஆறும் கூடுகிற இடத்தில் இருக்கிறது. செவர்ன் ஹாம் புல்வெளி மாரியில் தண்ணீருக்குள் கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வெள்ளத்தை வாங்கி வைத்திருப்பதுதான் அதன் வேலை. செவர்ன் வேல்ஸ் மலைகளிலிருந்து நாட்கணக்கில் ஆறுதலாக ஏறி வரும். இணையத்தில் மைத் பாலத்து நீர்மட்ட அளவைப் பார்த்தே சாமான்களை மேல்மாடிக்கு ஏற்றிவிடலாம். சின்ன ஓடைகளான ஸ்வில்கேட்டும் காரன்டும் அப்படியல்ல. பெருமழைக்குச் சில மணித்தியாலத்தில் பொங்கும். 2007 யூலையில் மழையும் ஓடைகளும் ஆறுகளும் சேர்ந்து ஊரைத் தீவாக்கின. மைத் நீர் சுத்திகரிப்பு நிலையமும் மூழ்கியது. சுமார் 350,000 பேருக்குக் குழாய்த் தண்ணீர் நின்று, தெருத் தெருவாகப் பவுசர் வைத்தார்கள். வாளியோடு வரிசையில் நிற்பது எங்கடை ஆக்களுக்குப் புதுசா என்ன.

எங்கடை ஆக்களில் பலர் "பழைய வீடு கரைச்சல், ஊர் எல்லையில் புது வீடு எடு" என்பார்கள். ஆனால் வெள்ளக் காப்புறுதியைக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்யும் ஃப்ளட் ரீ திட்டம் 2009 சனவரி 1க்கு முன் கட்டிய வீடுகளுக்கு மட்டும்தான். ஐந்நூறு வருசத்து வீட்டுக்கு அது உண்டு, போன வருசம் கட்டிய வீட்டுக்கு இல்லை. திட்டமும் 2039 வரைதான். 25 வருசக் கடன் எடுக்கிறவர் இதையும் யோசிக்க வேண்டும். விலை பேசுவதற்கு முன்பே அந்த முகவரிக்குக் காப்புறுதி விலை கேளுங்கள். யாரும் விலை தராவிட்டால் அந்த வீட்டை மறந்துவிடுங்கள்.

வீடு பார்க்கும்போது சுவர்க் கடதாசியைப் பார்க்காமல் பிளக்குகளைப் பாருங்கள். கீழ்மாடியில் அவை நெஞ்சுயரத்தில் இருந்தால் தண்ணீர் வந்து போன வீடு. வாசல் நிலையின் இரு பக்கமும் வெள்ளத்தை மறிக்கும் பலகை செருகத் தவாளிப்பு இருந்தாலும் அப்படித்தான். அதற்காக ஓடிவிட வேண்டாம், அது புத்தியாகத் திருத்திய வீடாக இருக்கலாம். கழிவுக் குழாயில் ஒருவழி வால்வு போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வாசலை அடைத்தாலும் தண்ணீர் மலசலகூடம் வழியாக மேலே வரும். பலகையை உயர்த்திக்கொண்டே போகவும் கூடாது. இரண்டு மூன்று அடிக்கு மேல் வெளியே தேங்கினால் அழுத்தத்தில் சுவரே உள்ளே விழலாம்.

அடுத்தது லிஸ்டட் பில்டிங், அதாவது சட்டம் பாதுகாக்கிற பழைய கட்டடமா என்பது. ஹிஸ்டொரிக் இங்கிலண்ட் என்ற அமைப்பின் பட்டியலில் முகவரியைப் போட்டு இலவசமாகவே பார்க்கலாம். வெளி முகப்புக்கு மட்டும்தான் கட்டுப்பாடு என்று நினைப்பது பெரிய பிழை. உள்ளே இருக்கும் படிக்கட்டு, கதவு, உத்தரம் எல்லாம் சேர்த்திதான். குசினிப் புகை போகச் சுவரில் ஆறு அங்குல ஓட்டை போடவும் கவுன்சில் அனுமதி வேண்டும், பொரியல் தாளிதத்தோடு வாழ்கிற எங்களுக்கு இது சின்ன விசயமில்லை. அனுமதியில்லாமல் மாற்றினால் குற்ற வழக்கு. முந்திய சொந்தக்காரர் செய்து வைத்ததையும் திருத்தச் சொல்லி உங்களுக்குத்தான் கடிதம் வரும், அதற்குக் கால எல்லை இல்லை. வீட்டில் பிளாஸ்டிக் யன்னல் இருந்தால் அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வங்கிக்காரன் அனுப்புகிற மதிப்பீடு, வீட்டின் பழுதுகளைப் பார்க்கிற சேர்வே அல்ல, அது அவனுடைய காசுக்குப் பாதுகாப்பு. நீங்கள் தனியாக ஆர்.ஐ.சி.எஸ். என்ற சேர்வேயர் சங்கத்தின் மூன்றாம் நிலைச் சேர்வே, அதாவது ஆக விரிவானது, எடுக்க வேண்டும், அதுவும் மரச்சட்ட வீடு தெரிந்தவரை வைத்து. இப்படியான சுவர் சுண்ணாம்பால் மூச்சு விடுவது. யாரோ சீமெந்து பூசியிருந்தால் ஈரம் உள்ளே மறிபட்டு, அடியில் படுத்திருக்கும் உத்தரம் வெளியே தெரியாமல் உக்கும். மாதக்கணக்கில் சோறு வடித்த ஆவியும், உள்ளே காயப்போட்ட உடுப்பும் அதே ஈரத்தைக் கூட்டும். கறுப்புப் பூஞ்சை வந்த பிறகு "பழைய வீடு, அப்படித்தான்" என்று வீட்டைக் குறை சொல்வார்கள்.

ஒழுங்கைக்கு மேலே உங்கள் படுக்கையறை நீண்டிருக்கிறது என்றீர்கள். நிலம் இன்னொருவருடையது, மேலே அறை உங்களுடையது. இதற்கு ஃப்ளையிங் ஃப்ரீஹோல்ட் என்று பேர். கடன் கொடுப்பவர்கள் சிலர் இதைக் கண்டாலே பின்வாங்குவார்கள். கீழே உள்ளவர் தன் பகுதியைப் பராமரிக்கவும், திருத்த உங்களை உள்ளே விடவும் உறுதியில் கடமை எழுதியிருக்கிறதா என்று சொலிசிற்றரை எழுத்தில் பதில் தரச் சொல்லுங்கள். பின்வளவு ஆற்றைத் தொட்டால், கரையிலிருந்து 8 மீற்றருக்குள் எதைக் கட்டவும் சுற்றாடல் நிறுவன அனுமதி தேவைப்படும்.

விலை ஒத்துக்கொண்டதும் வீடு உங்களுடையது என்று நினைத்து வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டாம். இரு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைக் கைமாற்றும் நாள் வரை விற்பவர் கூடின விலைக்கு இன்னொருவருக்கு விற்கலாம். அன்று பொதுவாக விலையில் பத்து வீதம் கட்டுவீர்கள். காப்புறுதியும் திறப்பு கிடைக்கிற நாளுக்குக் காத்திராமல் அன்றே தொடங்க வேண்டும்.

ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, இரண்டு மைல் தள்ளி அஷ்சேர்ச்சில் இருக்கிறது, கார் எடுங்கள். கையெழுத்துப் போட முதல், மழை பெய்கிற ஒரு சனிக்கிழமை போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, 2007இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். ஏஜென்ட் மாதிரி மழுப்ப மாட்டார்கள், சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள்.