'கூட்டணி', 'அணி', 'முன்னணி', 'கூட்டமைப்பு' எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல. நான் வியாசர்பாடியில் வளர்ந்தவன். எங்கள் வீடு பெரம்பூர்த் தொகுதிக்குள் வரும். 'கூட்டணி' என்ற சொல்லை நான் அகராதியில் படிக்கவில்லை, தேர்தல் வண்டிகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

2006 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதி தி.மு.க. கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனது. அரிவாள் சுத்தியல் நட்சத்திரக் கொடிக்குப் பக்கத்தில் கறுப்பு சிவப்புக் கொடி பறந்தது. 2011-இல் அதே மார்க்சிஸ்ட் கட்சி, அதே பெரம்பூர், ஆனால் பக்கத்தில் இரட்டை இலை. இரண்டு தடவையும் மார்க்சிஸ்ட் வேட்பாளர்தான் ஜெயித்தார். "சின்னம் அதேதான், பக்கத்துல நிக்கிறவங்கதான் வேற" என்று எங்கள் ஆயா சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. கூட்டணிக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

சொல்லைப் பிரித்தால் கூட்டு + அணி. 'கூட்டு' என்பதன் கடைசி உகரம் கெட்டு, கூட்டணி ஆகிறது. அணி என்றால் வரிசை, படைப்பிரிவு. அணிவகுப்பு என்கிறோமே, அந்த அணிதான். அதனால் கூட்டணியில் யாரும் யாரோடும் கரைந்துவிடுவதில்லை. அவரவர் கொடி அவரவருக்கு. கரைந்துவிட்டால் அதற்குப் பெயர் 'இணைப்பு'.

'அணி' தனியாக வரும்போதுதான் குழப்பம். கட்சிக்குள் இருக்கும் பிரிவும் அணிதான்: இளைஞரணி, மகளிரணி. கட்சி உடைந்தால் வரும் துண்டும் அணிதான். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு 1989 தேர்தலில் ஜா (ஜானகி) அணி, ஜெ (ஜெயலலிதா) அணி என்றார்கள். 2017-இல் எங்கள் பக்கத்துத் தொகுதியான ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு இரட்டை இலையை முடக்கியபோது, ஓ.பி.எஸ். அணிக்கு மின்கம்பம், சசிகலா அணிக்குத் தொப்பி என்று சின்னம் கொடுத்தார்கள். அந்த ஏப்ரல் தேர்தல் ரத்தானது வேறு கதை. 'மூன்றாவது அணி' என்னும்போது மட்டும் பல கட்சிகள் சேர்ந்தது என்று பொருள் வரும். ஆக, முன்னால் வரும் சொற்களைப் பார்த்துத்தான் அணிக்குப் பொருள் கொள்ள வேண்டும். கூட்டணிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

முன்னணி பெரும்பாலும் பெயரோடு ஒட்டி வரும்: 1989-இல் தேசிய முன்னணி, 1996-இல் ஐக்கிய முன்னணி. பொருளில் கூட்டணிக்குப் பக்கம்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இது. தமிழ்நாட்டில் 'கூட்டணி வைத்தார்கள்' என்றால் தொகுதியைப் பங்கிட்டுக்கொண்டு தேர்தலில் நின்றார்கள் என்றுதான் முதலில் பொருள். சேர்ந்து ஆள்கிறார்கள் என்று பொருள் அல்ல. 1967-இல் ராஜாஜியின் சுதந்திரா கட்சி தி.மு.க. கூட்டணியில் இருந்தது, ஆனால் அமைச்சரவை முழுக்க தி.மு.க.தான். 2006-இல் தி.மு.க.வுக்கு 234-இல் 96 இடம்தான். காங்கிரஸ், பா.ம.க., கம்யூனிஸ்டுகள் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தார்கள். அப்போதும் கூட்டணிக் கட்சிகளுக்கு அமைச்சர் பதவி இல்லை. அதனால் சேர்ந்து ஆள்வதைச் சொல்ல வேண்டுமானால் 'கூட்டணி ஆட்சி' என்று முழுதாக எழுதுங்கள். வெறுமனே 'கூட்டணி' என்று எழுதிவிட்டு வாசகர் புரிந்துகொள்வார் என்று விடாதீர்கள். இந்தத் தவறைச் செய்திகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்புறம், இலங்கைச் செய்திகள் படிப்பவர்களுக்கு ஒன்று. அங்கே 'கூட்டணி' என்று மட்டும் எழுதியிருந்தால் 1976-இல் உருவான தமிழர் விடுதலைக் கூட்டணியைக் குறிக்கலாம். 'கூட்டமைப்பு' என்றால் 2001-இல் உருவான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக இருக்கலாம். இங்கே கூட்டமைப்பு என்பதைப் பெரும்பாலும் சங்கங்கள் சேர்ந்த அமைப்புக்குத்தான் சொல்கிறோம்: வியாபாரிகள் கூட்டமைப்பு, குடியிருப்போர் கூட்டமைப்பு என்று.

எழுதும்போது கூட்டணி வைத்தல், அமைத்தல், சேர்தல், முறிதல் எல்லாமே வழக்கில் உள்ளவை. 'கூட்டணிக் கட்சி' என்பதில் க் விட்டுவிடாதீர்கள்.