ஒவ்வொரு செல்லாக உணவுக்குழாய்: ஒரு கேள்வி பதில்

மேலூர் வாசகர்: டாக்டரம்மா, அப்பாவுக்குப் பல வருட நெஞ்செரிச்சல். எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் 'பேரட்' என்று எழுதியிருக்கிறார்கள். புற்றுநோயா?

இல்லை. உணவுக்குழாயின் உட்புறம் வெளிறிய தட்டைச் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். இரைப்பை அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறினால், கீழ்ப்பகுதியில் அவை போய், குடலுக்கு உரிய செல்கள் வந்து உட்கார்ந்துவிடும். எண்டோஸ்கோப்பியில் அந்த இடம் இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். இது புற்றாக மாறுவது ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவருக்கும் குறைவுதான். அந்த ஒருவர் யார் என்பதுதான் எங்கள் தலைவலி. அதைத் தேடித்தான் ஆய்வாளர்கள் திசுவை ஒவ்வொரு செல்லாகப் பிரித்து வாசிக்கிறார்கள்.

சிம்மக்கல் மாணவி: திசுவை மொத்தமாக அரைத்து மரபணுவைப் பார்த்தால் போதாதா? ஏன் செல் செல்லாக?

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டையை முகர்ந்து பாருங்கள், மணக்கும். உள்ளே நான்கு மொட்டு அழுகியிருப்பது தெரியாது. அரைத்த திசுவும் அப்படித்தான், சராசரியை மட்டுமே சொல்லும்.

அரிசி மணி அளவுத் துண்டை என்சைமில் ஊறவைத்துச் செல்களைப் பிரிப்போம். எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளி ஒன்றுக்குள் ஒரு செல், கூடவே பாசிமணி போன்ற ஒரு நுண்மணி. அந்த மணியில் இருக்கும் அடையாளக் குறி, செல்லின் ஆர்என்ஏ இழைகளில் (எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் நகல்கள்) ஒட்டிக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் கலந்து வாசித்தாலும் எந்த இழை எந்தச் செல்லுடையது என்று சொல்லிவிடலாம். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது: எடுத்த துண்டைத் தாமதித்தால் செல் செத்துவிடும், ஆர்என்ஏ சிதைந்துவிடும். நம் மே மாத வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் இந்த வேலை நடக்காது.

திருமங்கலம் ஆசிரியர்: அப்படிப் பார்த்து என்ன கண்டார்கள்?

பேரட் செல்கள் எங்கிருந்து வந்தன என்ற பழைய வழக்குக்கு விடை கிடைத்தது. கேம்பிரிட்ஜ் குழுவினர் 2021இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இரைப்பையின் மேல்வாயைக் கைகாட்டியது. இந்த நிலைக்குப் பெயர் தந்த அறுவை மருத்துவர் நார்மன் பேரட் 1950இல் எழுதியபோது, அந்தப் பகுதியே மேலே இழுபட்ட இரைப்பைதான் என்று வாதாடினார். 1957இல் அதை விட்டுக்கொடுத்தார். உறுப்பு விஷயத்தில் தோற்ற மனிதர், செல் விஷயத்தில் பாதி ஜெயித்துவிட்டார்!

இன்னொன்று. நல்ல உணவுக்குழாயைச் சின்னஞ்சிறு துண்டுகளாக்கிப் பார்த்த 2018 ஆய்வில், நடுவயதிலேயே நாட்ச்1 மரபணுப் பிறழ்வுள்ள செல்கள் பெரும் பரப்பைப் பிடித்திருந்தன. ஆகவே பிறழ்வு என்றதும் பதற வேண்டாம். புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகி, குரோமோசோம்கள் தாறுமாறாகும்போதுதான் பயப்பட வேண்டும்.

உசிலம்பட்டி வாசகர்: மாமாவுக்கு வெற்றிலை, புகையிலைப் பழக்கம். அவருக்கும் இதுதானா?

அது வேறு கதை. புகையிலையும் மதுவும் பெரும்பாலும் தட்டைச் செல்லிலேயே புற்றை உண்டாக்கும். இந்தியாவில் அதுதான் அதிகம். நெஞ்செரிச்சல் இருக்கவேண்டும் என்பதில்லை. சோறு இறங்காமல் தண்ணீர் குடித்துத் தள்ளுகிறார் என்றால் இந்த வாரமே எண்டோஸ்கோப்பிக்கு அழைத்துப் போங்கள்.

மேலூர் வாசகர்: அப்பாவுக்கு அந்தச் செல் பரிசோதனையை எங்கே செய்யலாம்?

வேண்டாம், அது இன்னும் ஆய்வுக்கூடத்துச் சரக்கு. திட்டின் மீது 2 செ.மீ.க்கு ஒருமுறை நான்கு பக்கமும் துண்டு எடுத்தார்களா என்று கேளுங்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் 'டிஸ்பிளேசியா' (செல்கள் புற்றை நோக்கி உருமாறத் தொடங்கிய நிலை) என்ற சொல் இருந்தால் சிகிச்சையே மாறும். அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.