உலகக் கோப்பை வட்டியூர்க்காவுக்கு எப்போது வரும்?

துப்பாக்கி சுடுதல் போட்டிகளைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பாறசாலை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வந்தவை. திருவனந்தபுரத்து வட்டியூர்க்காவு ரேஞ்ச், அதாவது துப்பாக்கி சுடும் தளம், பக்கத்தில் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஓரிரு கேள்விகள் பாலக்காட்டு எல்லையிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் வந்திருக்கின்றன.

இந்தியாவில் இதுவரை என்னென்ன சர்வதேசப் போட்டிகள் நடந்திருக்கின்றன சார்? டெல்லியைத் தவிர வேறு ஊர் இல்லையா? (பாறசாலை வாசகர்)

டெல்லிதான் அதிகம். 1982 ஆசிய விளையாட்டுக்காக துக்ளகாபாத்தில் ஒரு ரேஞ்ச் கட்டினார்கள். இன்று அதற்கு கர்ணி சிங் பெயர். பிகானீர் மகாராஜாவான அவர் ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர், 1962இல் கெய்ரோ உலக சாம்பியன்ஷிப்பில், பறக்கும் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் வெள்ளி வாங்கியவர். 2010 காமன்வெல்த் போட்டிக்காக அந்த ரேஞ்சைப் புதுப்பித்தார்கள். அந்த முறை நம்மவர்கள் துப்பாக்கியில் மட்டும் 14 தங்கத்தோடு 30 பதக்கம் எடுத்தார்கள். அப்புறம் 2017, 2019, 2021 உலகக் கோப்பைகள், 2017இலும் 2024இலும் உலகக் கோப்பை இறுதிப் போட்டி, 2025இல் ஜூனியர் உலகக் கோப்பை, எல்லாம் அங்கேயேதான். 2021இல் கொரோனா பயத்துக்கு நடுவிலும் 15 தங்கம், மொத்தம் 30 பதக்கத்துடன் இந்தியா முதலிடம் பிடித்தது.

டெல்லிக்கு வெளியே நடந்தவற்றில் பெரியது 2023 மார்ச்சில் நடந்த போபால் உலகக் கோப்பை. அதில் சரப்ஜோத் சிங் தங்கம் வாங்கினார். 2008இல் புனேயில் காமன்வெல்த் இளையோர் போட்டியும், 2016இல் குவாஹாத்தியில் தெற்காசியப் போட்டியும் நடந்தன.

உலகக் கோப்பையும் உலக சாம்பியன்ஷிப்பும் ஒன்றுதானே? (களியக்காவிளை)

இல்லை. உலகக் கோப்பை ஒரே ஆண்டில் பல நாடுகளில் சுற்றுச் சுற்றாக நடக்கும். உலக சாம்பியன்ஷிப்தான் இந்த விளையாட்டின் உச்சம். 2018இல் கொரியாவின் சாங்வான், 2022இல் கெய்ரோ, 2023இல் பாகு என்று போனது. பெரியவர்களுக்கான அந்தப் போட்டி இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

2019இல் நம் நாட்டுக்கு ஏதோ தடை போட்டார்களாமே, என்ன நடந்தது? (கொழிஞ்சாம்பாறை)

போட்டி நடத்துவதைப் பற்றிப் பேசும் யாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிப்ரவரி 14 அன்று புல்வாமா தாக்குதல். அடுத்த வாரமே டெல்லியில் உலகக் கோப்பை. அதில் 16 ஒலிம்பிக் கோட்டா இடங்கள், அதாவது ஒலிம்பிக்கில் சுடுவதற்கான இடங்கள், இருந்தன. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் சுட இருந்த இரண்டு பாகிஸ்தான் வீரர்களுக்கு விசா கிடைக்கவில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உடனே அந்தப் பிரிவின் இரண்டு கோட்டா இடங்களையும் ரத்து செய்தது. மீதி 14 தப்பியது. அதோடு நிற்காமல், எல்லா நாட்டவரையும் அனுமதிப்போம் என்று அரசு எழுதிக் கொடுக்கும் வரை இந்தியாவில் எந்த ஒலிம்பிக் சார்ந்த போட்டியைப் பற்றியும் பேச மாட்டோம் என்றது. ஜூன் மாதம் அரசு அந்த உறுதியைக் கொடுத்த பிறகுதான் விஷயம் முடிந்தது.

அன்றைக்கு இருந்த துக்கமும் கோபமும் எனக்கும் இருந்தன. ஆனால் அந்த ரேபிட் ஃபயர் பிரிவில் கோட்டாவுக்காக வருஷக்கணக்கில் உழைத்துவிட்டு வந்த மற்ற நாட்டுப் பையன்களையும், நம் பையன்களையும் நினைத்துப் பாருங்கள். சுடும் இடத்தில் நிற்பதற்கு முன்னாலேயே அவர்களுக்குப் போட்டி அர்த்தமில்லாமல் போனது. இதே விதி நமக்குச் சாதகமாகவும் வேலை செய்திருக்கிறது. 2015இல் குவைத் ஒரு இஸ்ரேல் அதிகாரிக்கு விசா மறுத்ததால் அங்கே நடந்த ஆசியப் போட்டி ஒலிம்பிக் தகுதியை இழந்தது. அதற்குப் பதிலான தகுதிப் போட்டி 2016 தொடக்கத்தில் வந்து சேர்ந்தது டெல்லிக்குத்தான். ரேஞ்ச் கட்டப் பணம் போதும். போட்டி கிடைக்க வேண்டுமானால், வருகிறவன் யாராக இருந்தாலும் கதவு திறக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும்.

அதே 2019 போட்டியில்தான் 16 வயது சௌரப் சௌத்ரி ஏர் பிஸ்டலில் 245 புள்ளியும், அபூர்வி சந்தேலா ஏர் ரைபிளில் 252.9 புள்ளியும் எடுத்து உலக சாதனை செய்தார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் துப்பாக்கியை விமானத்தில் எப்படிக் கொண்டுவருகிறார்கள்? (நெய்யாற்றின்கரை)

போட்டியை நடத்தும் சங்கம் முன்கூட்டியே ஒவ்வொரு துப்பாக்கியின் வகை, தொடர் எண், தோட்டா எண்ணிக்கை எல்லாம் வாங்கி அனுமதி எடுத்து வைக்கும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, இரும்பில் பொறித்த எண்ணையும் காகிதத்தில் உள்ள எண்ணையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பார்கள். ஒரு எழுத்து மாறினாலும் பெட்டி நகராது. திரும்பும்போதும் இதே கதைதான்.

எங்கள் ஆந்திரப் பக்கம் எதுவும் நடக்கவில்லையா அய்யா? (நகரி)

நடந்திருக்கிறது. 2003இல் அன்றைய ஆந்திரத் தலைநகர் ஹைதராபாத்தில் ஆப்ரோ ஏசியன் போட்டி நடந்தது. அதில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கியவர் ககன் நாரங். பிறந்தது நம்ம சென்னை, வளர்ந்தது ஹைதராபாத். அப்போது அவருக்கு 20 வயது. ஏழு வருஷம் கழித்து டெல்லி காமன்வெல்த்தில் நான்கு தங்கம், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். சொந்த ஊரில், தெரிந்த முகங்களுக்கு முன்னால் பெரிய போட்டியில் சுடும் வாய்ப்பு ஒரு பையனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

அப்படியானால் வட்டியூர்க்காவில் ஏன் உலகக் கோப்பை நடத்தக் கூடாது? (பாறசாலை, மார்த்தாண்டம் இரண்டிலிருந்தும்)

நானும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ரேஞ்ச் 2015 தேசிய விளையாட்டுக்காக வந்தது. 2017லும் 2018லும் தேசிய சாம்பியன்ஷிப்பே அங்கே நடந்தது. நாடு முழுக்க இருந்து வந்த கூட்டத்தைத் திருவனந்தபுரம் தாங்கியது. விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

டிராப், ஸ்கீட் என்ற தட்டு சுடும் பிரிவுகளுக்குத் திறந்த வெளி நிறைய வேண்டுமே என்பார்கள். போபாலில் நடந்தது ரைபிள், பிஸ்டல் மட்டும்தான். ஆக, அவை இல்லாமலும் உலகக் கோப்பை நடத்தலாம். 10, 25, 50 மீட்டர் வரிசைகள், எல்லாவற்றிலும் எலக்ட்ரானிக் டார்கெட், பார்வையாளர் உட்காரத் தனி ஃபைனல் ஹால், இவை சர்வதேசத் தரத்தில் இருந்தால் போதும். டெல்லி, போபால் என்று வடக்கிலேயே சுற்றுவதை விட்டு ஒரு தடவையாவது தெற்கே வர வேண்டும். குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பலாமே!

என் மகளுக்கு 12 வயது. ஏர் ரைபிள் பழக லைசென்ஸ் வேண்டுமா? போட்டி பார்க்கக் கூட்டிப் போகலாமா? (மார்த்தாண்டம்)

4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கி 20 ஜூல் சக்தியைத் தாண்டாத வரை ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் ரைபிள்கள் அதற்கு வெகு கீழேதான். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு கிளப்பில் சேர்த்து, அவர்கள் துப்பாக்கியில் சில மாதம் பழகவிடுங்கள்.

கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். 10 மீட்டர் வரிசைக்குப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். ரைபிள் டார்கெட்டில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த பொட்டு அளவுதான். கண்ணுக்கே தெரியாது. பக்கத்துத் திரையில்தான் தெரியும். சுடாத நேரத்தில் ஒவ்வொரு துப்பாக்கியின் குழல் வழியாகவும் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே குண்டு இல்லை என்பதற்கு அடையாளம். முதலில் அந்தக் கயிற்றைக் காட்டிக் கொடுங்கள், பிறகு டார்கெட்டைக் காட்டலாம்.