ஒரே மரம், ஐந்து குடித்தனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரே மரத்தில் நான்கைந்து வகைச் சிறு பறவைகள் பூச்சி தேடுவதைத் தினமும் பார்க்கிறேன். ஒன்றை ஒன்று துரத்துவதுகூட இல்லை. மனிதர்களுக்கு வராத இந்த விட்டுக்கொடுக்கும் குணம் பறவைகளுக்கு எப்படி வந்தது?

பதில்: ‘விட்டுக்கொடுக்கும் குணம்’ என்று நீங்களாகவே பட்டம் சூட்டிவிட்டீர்கள். எனக்குத் தகராறு அந்தச் சொல்லோடுதான்.

அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் மக்ஆர்தருக்கும் உங்களைப் போல ஒரு சந்தேகம் வந்தது. ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளில் ஐந்து வகைக் குருவிகள் ஒன்றாக வசித்தன. உடலளவு ஏறக்குறைய ஒன்று, அலகும் அப்படியே, ஐந்துக்கும் இரை பூச்சிதான். அவர் என்ன செய்தார் தெரியுமா? மரத்தை உச்சி, நடு, அடி என்றும், உள்கிளை, வெளிநுனி என்றும் மனத்துக்குள் கட்டம் போட்டுக்கொண்டார். எந்தக் குருவி எந்தக் கட்டத்தில் எத்தனை நொடி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே அண்ணாந்து நின்றார். 1958-இல் அந்தக் கணக்கு வெளியானபோது விடையும் கிடைத்தது. ஒரு வகை உச்சியின் வெளிநுனியை விட்டு அதிகம் இறங்குவதில்லை. இன்னொன்று நடுமரத்தின் உள்கிளைகளில் துழாவுகிறது. வேறொன்று கீழ்க்கிளைகளிலும் தரையிலுமாகப் பொழுதைக் கழிக்கிறது. மரம் ஒன்றுதான், குடித்தனம் ஐந்து. உங்கள் மரத்தடிக்கும் ஒரு கடிகாரத்தோடு போய்ப் பாருங்கள். ஒரு வாரத்தில் நீங்களே ஒரு படம் வரைந்துவிடுவீர்கள்.

பாகம் பிரிக்க வழியே இல்லாவிட்டால்? ரஷ்ய உயிரியலாளர் கவுஸ் 24 வயது நிரம்புவதற்குள்ளாகவே இதைச் சோதனைக் குழாய்க்குள் நடத்திக் காட்டிவிட்டார். 1934-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: ஒரே இரையை நம்பிய இரண்டு வகைப் பாரமீசியங்களை (கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள்) தனித்தனியே வளர்த்தால் இரண்டும் செழித்தன. சேர்த்து வளர்த்தபோது ஒன்று தழைத்தது, மற்றது அற்றுப்போனது. பின்னர், தோற்ற அதே இனத்தை மூன்றாவது வகை ஒன்றோடு விட்டார். ஒன்று நீரில் மிதக்கும் பாக்டீரியாவையும் மற்றது அடியில் படிந்த ஈஸ்டையும் தின்றன, இரண்டும் பிழைத்தன.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது கொட்டலசுக் கதை. கடற்பாறையில் சுண்ணாம்புப் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்குமே, காலில் சிராய்த்தால் ரத்தம் வரவைக்குமே, அதுதான். ஸ்காட்லாந்துக் கரையோரப் பாறைகளில் அது இரண்டு வகை. சிறியது மேல்பட்டையில், பெரியது கீழ்ப்பட்டையில். நடுவில் யாரோ கோடு கிழித்தது போல இருக்கும். பார்ப்பவர் யாரானாலும் ‘அதது தனக்குப் பிடித்த இடத்தில் இருக்கிறது’ என்றுதான் சொல்வார். அமெரிக்கச் சூழலியலாளர் ஜோசப் கானெல் அதை நம்பவில்லை. சிறிய வகையின் குஞ்சுகள் கீழேயும் வந்து ஒட்டுவதை அவர் கண்டார். சில இடங்களில் பெரிய வகையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்தவற்றின் கதியைத் தொடர்ந்து கவனித்தார். தடையில்லாத இடத்தில் சிறியது கீழேயும் நன்றாகவே வாழ்ந்தது. தடை இருந்த இடத்திலோ, பெரியது வளர வளர அதன்மேல் ஏறி மூடியது, அடியில் நுழைந்து நெம்பிப் பெயர்த்தது, பக்கவாட்டில் நெருக்கி நசுக்கியது. இத்தனையும் சத்தமில்லாமல், மாதக்கணக்கில். அப்படியானால் பெரியது மேல்பட்டையையும் ஏன் பிடிக்கவில்லை? அலை இறங்கிய நேரத்து வெயிலையும் ஈரமில்லாமல் காய்வதையும் அதனால் தாங்க முடியாது. சிறியது தாங்கும். 1961-இல் வந்த இந்த ஆய்வைப் படித்த பிறகு, ‘அமைதியாகப் பகிர்ந்துகொள்கின்றன’ என்ற வாக்கியத்தை எழுத எனக்குக் கை வருவதில்லை.

இதைப் பிடித்துக்கொண்டு எல்லா எல்லையும் சண்டையில் பிறந்தது என்று சொல்லிவிடாதீர்கள். ஒன்றை நீக்கிப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. குருவிகளை வெறுமனே பார்த்தது வேறு, கொட்டலசைச் சுரண்டிப் பார்த்தது வேறு.

கேள்வி: வேட்டையாடும் இனம் ஒன்று இல்லாமல் போனால் மற்ற இனங்கள் பெருகும்தானே? ஆசிரியர் இல்லை என்கிறார், காரணம் சொல்லவில்லை. (பள்ளி மாணவி)

பதில்: ஆசிரியர் சொன்னது சரி. காரணத்தை நான் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் பெயின் என்பவர் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில், சுமார் 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு பாறைத் துண்டத்தைத் தேர்ந்தெடுத்தார். அதிலிருந்த நட்சத்திர மீன்களைப் பெயர்த்துக் கடலில் வீசினார். அவை திரும்ப வர வர, மறுபடி மறுபடி வீசினார். (அறிவியல் என்றால் கண்ணாடிக் குடுவை என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்: கருவி, கடப்பாரை.) அங்கே முதலில் 15 இனங்கள் இருந்தன. பெருகவில்லை, 8 ஆகக் குறைந்தன. நட்சத்திர மீன் விரும்பித் தின்பது ஒருவகைச் சிப்பி. தின்ன ஆளில்லாததும் அந்தச் சிப்பி பாறை முழுவதையும் வளைத்துக்கொண்டது, மற்றவற்றுக்கு ஒட்ட இடமில்லை. அதாவது, வலுத்த போட்டியாளரைத் தின்று தின்று நட்சத்திர மீன்தான் மற்றவர்களுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தது. 1966-இல் இதை வெளியிட்டார். கல் வளைவின் உச்சியில் ஒரு கல் இருக்கும் (ஆங்கிலத்தில் ‘கீஸ்டோன்’), அதை உருவினால் வளைவே சரியும். அந்தக் கல்லின் பெயரைத்தான் இத்தகைய இனங்களுக்குப் பின்னர் வைத்தார். எந்த வேட்டைவிலங்கை நீக்கினாலும் இப்படியே நடக்கும் என்று தேர்வில் எழுதிவிடாதே அம்மா.

கேள்வி: உண்ணிக்கொக்கு மாட்டின் நண்பன்தானே?

பதில்: பெயரை வைத்து ஏமாந்துவிட்டீர்கள். உண்ணியை எப்போதாவது கொத்தும். மற்றபடி அது மாட்டை ஒட்டி நடப்பது, குளம்படியில் கிளம்பும் வெட்டுக்கிளிக்காக. கொக்குக்கு ஆதாயம், மாட்டுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. உண்மையாகவே உண்ணி தின்னும் ஒரு பறவை ஆப்பிரிக்காவில் இருக்கிறது. எருமை, ஒட்டகச்சிவிங்கி முதுகுகளில் தொற்றிக்கொண்டு திரியும். அதுவும் ஆறாத புண்ணைக் கொத்திக் கொத்தி ரத்தம் குடிக்கும். அதை நண்பன் என்பதா, ஒட்டுண்ணி என்பதா? உண்ணி நிறைய இருக்கும் நாளில் ஒன்று, இல்லாத நாளில் மற்றொன்று என்பது என் கட்சி.

கேள்வி: சிலந்திகளைப் பல்லி தின்கிறது. பாவமாக இருக்கிறது. பல்லியை விரட்டலாமா?

பதில்: என் எழுத்துமேசைச் சன்னலிலும் இதே வழக்கு உண்டு. பகலில் சட்டத்தின்மேல் குதிக்கும் சிலந்தி ஒன்று ஈ பிடிக்கிறது. மேல்மூலையில் நெட்டைக்கால் சிலந்தி, ஒழுங்கில்லாத வலையில் தலைகீழாகத் தொங்குகிறது. விளக்கு ஏற்றியதும் பல்லி வருகிறது. பல்லிதான் வில்லன் என்று நானும் நினைத்திருந்தேன். போன வாரம் குதிக்கும் சிலந்தி கால் தவறி அந்த மூலை வலைக்குள் போய்விட்டது. நெட்டைக்கால் எட்ட நின்றபடியே பின்னங்கால்களால் நூலை வீசி வீசிச் சுற்றியது. முடிந்ததும் நிதானமாக அருகில் போய்க் கடித்தது. மறுநாள் இரவு பல்லி அந்த மூலைவரை ஏறிப்போனது. நெட்டைக்கால் உடம்பைக் கிறுகிறுவென்று ஆட்டிக் கண்ணுக்கே தெரியாமல் கலங்கியது. பல்லி சற்று நின்று பார்த்துவிட்டு விளக்குப் பக்கம் திரும்பிவிட்டது. யாரை விரட்டுவதாக இருக்கிறீர்கள்?