உடன் தங்கியிருப்பவரோடு சேர்ந்து ஒரு புதிய விளையாட்டை முதன்முறையாக ஆடிப் பார்த்ததுண்டா? எப்படி இருந்தது?

உண்டு. ஸ்குவாஷ். நானும், ஒரே வீட்டில் என்னோடு தங்கியிருக்கும் அக்காவும் அதற்கு முன் அந்த மட்டையைத் தொட்டதுகூட இல்லை. அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவருக்கு இரவுப் பணி, எனக்குப் பகல் பணி. எட்டு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், "கதவைப் பூட்டிவிட்டீர்களா அக்கா?" என்பதைத் தாண்டி எங்களுக்குள் அதிகம் பேச்சில்லை. ஒரு விடுமுறை நாளில் அவராகவே கேட்டார்: "இரண்டு பேருக்குமே தெரியாத ஒரு விளையாட்டாகப் பார்த்துப் போவோமா?"

அந்த 'இரண்டு பேருக்குமே தெரியாத' என்ற சொல்லுக்காகவே சம்மதித்தேன். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால், ஆட்டம் பாடமாகிவிடும். நீங்களும் யாரையாவது அழைத்துப் போவதாக இருந்தால் இதை முதலில் கவனியுங்கள்.

முதல் நாள் அரை மணி நேரம் வீணாகப் போனது. காரணம் பந்துதான். இரண்டு மஞ்சள் புள்ளி போட்ட பந்து, போட்டிகளில் ஆடுவது அதுதான் என்று கேள்விப்பட்டு அதையே எடுத்திருந்தோம். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தரையில் விழுந்து அப்படியே உருண்டது. கைதான் வலித்தது. பக்கத்துக் கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டு வந்தார். ஸ்குவாஷ் பந்து உள்ளே காற்று மட்டும் இருக்கும் ரப்பர் பந்து. அடிக்க அடிக்க ரப்பரும் உள்ளிருக்கும் காற்றும் சூடேறும், சூடேறினால்தான் எழும்பும் என்றார். இரண்டு மஞ்சள் புள்ளிப் பந்து மிகவும் மந்தமானது. ஓயாமல் பலமாக அடித்துச் சூட்டைத் தக்கவைக்கத் தெரிந்தவர்களுக்கே அது சரிப்படும். புதியவர்களுக்கு நீலப் புள்ளி, அல்லது சிவப்புப் புள்ளி. தன் பையிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளிப் பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த அடியிலேயே பந்து இடுப்பளவு எழும்பி வந்தது. அவர் வராமல் இருந்திருந்தால், இது நமக்கு வராத விளையாட்டு என்று முடிவு கட்டி வீட்டுக்குத் திரும்பியிருப்போம்.

டென்னிஸ், பேட்மிண்டன் போன்ற மட்டை விளையாட்டுகளில் நடுவில் வலை இருக்கும். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாம். ஸ்குவாஷில் அப்படியில்லை. 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அறைக்குள் இருவரும் ஒரே சுவரைப் பார்த்து நின்று, முறை வைத்து அடிக்க வேண்டும். அறையின் நடுவே தரைக் கோடுகள் சேருமிடத்தை 'டி' (T) என்பார்கள். அடித்த கையோடு அங்கே திரும்பி வந்துவிட்டால் எந்த மூலைக்கும் ஓட முடியும். அதனால் இருவருக்குமே அந்த இடம் வேண்டும்.

நான் அதை எடுக்கவே இல்லை. அக்கா வருகிறாரே என்று ஒவ்வொரு முறையும் சுவரோரம் ஒதுங்கினேன். அடிக்க வேண்டியது என் முறையாக இருந்தபோதும் ஒதுங்கினேன். இரண்டாவது வாரம் அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

"நீ ஏன் எனக்கு வழி விட்டுக்கொண்டே இருக்கிறாய்? இப்போது நான்தானே விலக வேண்டும்?"

விதியும் அதைத்தான் சொல்கிறது. அடித்து முடித்தவர், அடுத்து அடிக்கப் போகிறவருக்கு வழிவிட வேண்டும். இதில் மூத்தவர், இளையவர் கணக்கில்லை. அடித்தால் எதிராளி மீது படுமோ என்று தோன்றினால் மட்டையை நிறுத்திக்கொண்டு 'லெட்' கேட்கலாம். லெட் என்றால் அந்தப் புள்ளியை மறுபடி ஆடுவது, யாருக்கும் இழப்பில்லை. முன்சுவருக்கு நேராகப் போகும் பாதையையே எதிராளி மறித்து நின்றால், அது 'ஸ்ட்ரோக்', புள்ளி அடிக்கவிருந்தவருக்கு. 'லெட்' என்ற அந்த ஒரு சொல் என் வாயிலிருந்து உரக்க வர மூன்று வாரம் ஆனது. கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன். உண்மையில் கேட்காமல் அடிப்பதுதான் ஆபத்து.

அந்த ஆபத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாம் நாள் அக்காவின் மட்டை என் புருவத்துக்கு நான்கு விரல் தள்ளிப் போனது. பந்தின் விட்டமோ 40 மில்லிமீட்டர்தான். பெரிய பந்தென்றால் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு ஓரளவு தாங்கிக்கொள்ளும். இது கண்குழிக்குள்ளேயே நேராக இறங்கக்கூடிய அளவு. அடுத்த முறை போகும்போது இருவர் முகத்திலும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது. பார்வைக்காக அணியும் சாதாரணக் கண்ணாடி இதற்கு ஈடாகாது, உடைந்தால் அதுவே கண்ணைக் காயப்படுத்தும். மட்டையை இரவல் வாங்குங்கள், பழைய காலணியோடு போங்கள். கண்ணுக்குப் பாதுகாப்பில்லாமல் மட்டும் உள்ளே போகாதீர்கள்.

முதல் ஒரு மாதம் நாங்கள் புள்ளி எண்ணவில்லை. பந்து சாகாமல் இருவரும் சேர்ந்து எத்தனை அடி கொண்டுபோகிறோம் என்று மட்டும் எண்ணினோம். முதல் நாள் 4. மாத முடிவில் 31. அந்த 31 வந்த அன்று இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம், மூச்சு வாங்க நேரமானது. வீடு திரும்பும் வழியெல்லாம் பேச்சு ஓயவில்லை. எனக்கு அந்த நாள்தான் மிகவும் பிடித்த நாள்.

இப்போது முறைப்படி 11 புள்ளிக்கு ஆடுகிறோம். 10-10 ஆகிவிட்டால் இரண்டு புள்ளி முன்னிலை பெறும் வரை போகும். போன வாரம் கடைசி ஆட்டம் 9-9. பந்து என்னிடம் மெதுவாக வந்தது, நிமிர்ந்தால் சுவருக்கும் எனக்கும் நடுவில் அக்கா. மட்டையை நிறுத்தி "லெட், அக்கா" என்றேன்.

அவர் நின்ற இடத்தையும் சுவரையும் ஒரு முறை பார்த்தார். "இது லெட் இல்லை, ஸ்ட்ரோக். புள்ளி உனக்குத்தான்" என்று பந்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.