பாஸ்போர்ட்டின் கடைசி இரண்டு வரிகள்: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டு, 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாகிவிட்ட மலேசிய டிஜிட்டல் அரைவல் கார்டு, 2025 மே 1 அன்று பழைய டிஎம்6 தாளுக்கு மாற்றாக வந்த தாய்லாந்தின் டிடிஏசி, 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவருக்காக இந்தியா நடைமுறைப்படுத்திய இ-அரைவல் கார்டு ஆகிய, பயணிகள் வந்திறங்குவதற்கு முன் நிரப்ப வேண்டிய இணைய வருகைப் படிவங்களில் ஏற்படும் சிக்கல்கள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக உள்ளது. என் பெயர் மட்டுமே இருக்கிறது. சில நாடுகளின் படிவங்கள் குடும்பப் பெயரையும் கேட்கின்றன. அப்பாவின் பெயரை எழுதிவிடலாமா?
*வாசகர், தஞ்சாவூர்*

எழுத வேண்டாம். வீட்டிலும் அலுவலகத்திலும் உங்களை எப்படி அழைக்கிறார்கள் என்பதோ, ஆதாரிலும் பான் அட்டையிலும் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதோ இங்கே பொருட்டில்லை. குடிநுழைவு அதிகாரி ஒப்பிட்டுப் பார்க்கப்போவது உங்கள் பாஸ்போர்ட்டை மட்டும்தான். புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறி போன்ற அடையாளங்கள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள் கொண்ட இந்தப் பகுதி, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த விதிப்படி, எந்த நாட்டுக் கருவியும் படித்துக்கொள்ளும் வகையில் அச்சிடப்படுவது. அதில் ஒற்றை அம்புக்குறி வந்தால் இடைவெளி என்று பொருள். பெயருக்கு நடுவே இரட்டை அம்புக்குறி வந்தால், அதற்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் இருப்பது சொந்தப் பெயர். படிவத்தில் சந்தேகம் எழும்போதெல்லாம் இந்த வரிகளைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பானது.

சிங்கப்பூர், மலேசியப் படிவங்கள் முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் கேட்பதால் அங்கே உங்களுக்குத் தொல்லையில்லை. பெயரைப் பிரித்துக் கேட்கும் படிவத்தில், குடும்பப் பெயருக்குரிய கட்டம் கட்டாயம் என்று குறிக்கப்படாவிட்டால் காலியாக விடுங்கள். கட்டாயம் என்றிருந்தால், ஒற்றைப் பெயர் உடையவர்கள் அதில் என்ன எழுத வேண்டும் என்று அந்தப் படிவத்தின் வழிகாட்டுதலிலேயே தேடிப் பாருங்கள். நாட்டுக்கு நாடு இந்த வழக்கம் மாறும் என்பதால், ஓர் இடத்தில் சரியாக இருந்ததை மற்றோர் இடத்தில் அப்படியே செய்வது ஆபத்து. அமெரிக்க விசா விண்ணப்பத்தில், ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயரின் இடத்தில் எழுதிவிட்டு, சொந்தப் பெயருக்கான இடத்தில் எஃப்என்யு (சொந்தப் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்றெழுத்தை இட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகமோ 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க முடியாது என்று அறிவித்து, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் தந்தது. தலைமுறைகளாகத் தலைப்பெழுத்தோடு நிறைவாக வாழ்ந்த நமக்கு, இந்தக் கட்டங்களை வகுத்தவர்கள் நம்மை நினைத்துப் பார்க்கவே இல்லையோ என்று தோன்றுவது இயல்பே. அடிக்கடி வெளிநாடு செல்லும் நிலை இருந்தால், அடுத்த முறை பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது பெயரை இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்துகொள்வது பற்றி யோசியுங்கள்.

விமானச் சீட்டில் உங்கள் பெயர் இரண்டு முறை திரும்ப வந்திருந்தால் அதைக் கண்டு பதற வேண்டாம். சில விமான நிறுவனங்கள் ஒற்றைப் பெயரை அவ்வாறுதான் பதிவு செய்கின்றன. சீட்டில் இருக்கிறது என்பதற்காகப் படிவத்திலும் இரு முறை எழுதிவிடாதீர்கள்.

நான் மலேசியக் குடிமகன். என் பெயரின் நடுவே, மகன் என்பதைக் குறிக்கும் மலாய்ச் சுருக்கமான ‘ஏ/எல்’ உள்ளது. இந்தியாவின் இ-அரைவல் கார்டை நிரப்பும்போது சாய்கோட்டைத் தட்டினால் பிழை என்று வருமோ என அஞ்சுகிறேன்.
*வாசகர், கிள்ளான்*

எழுத்துகளை மட்டும் ஏற்கும் கட்டம் என்றால் சாய்கோட்டை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஓர் இடைவெளி இடுங்கள். சாய்கோடு, புள்ளி போன்ற குறிகளுக்கு முன் பதிலில் சொன்ன இரண்டு வரிகளிலும் இடம் கிடையாது. பெயரை நீங்களாகச் சுருக்காமல், அந்த வரிகளில் உள்ள எழுத்துகளை அதே வரிசையில் எழுதினால் போதும். சிங்கப்பூர்த் தமிழர்களின் பெயரில் மகன், மகள் என்பதைக் குறிக்க வரும் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ ஆகியவற்றுக்கும் இதே வழிதான்.

இரவு விமானத்தில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் செல்கிறோம். படிவத்தைச் சமர்ப்பித்த பிறகுதான், வந்திறங்கும் தேதிக்குப் பதில் புறப்படும் தேதியைக் கொடுத்துவிட்டோம் என்பது தெரிந்தது. என்ன செய்வது?
*வாசகி, திருச்சிராப்பள்ளி*

நம் ஊரிலிருந்து கிழக்கே போகிறவர்கள் மிக எளிதாகச் செய்துவிடும் பிழை இது. சிங்கப்பூரின் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பயணமும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் எடுக்கும். எனவே மாலை ஆறரை மணிக்குப் புறப்பட்டால்கூட, நீங்கள் இறங்கும்போது அங்கே தேதி மாறியிருக்கும். படிவம் கேட்பது இறங்கும் நாளை, அதுவும் அந்த நாட்டுக் கணக்கில்.

சிங்கப்பூர்ப் படிவத்தை, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். அதாவது 20ஆம் தேதி இறங்குகிறீர்கள் என்றால் 18, 19, 20 ஆகிய நாள்களில். முன்கூட்டியே முடித்துவிடலாம் என்று ஒரு வாரத்துக்கு முன் தளத்தைத் திறப்பவர்கள், தேதியை ஏற்க மறுக்கிறது என்று சலித்துக்கொள்வதற்கு இதுவே காரணம். உங்கள் நிலையில், சரியான தேதியுடன் படிவத்தைப் புதிதாக நிரப்பிச் சமர்ப்பித்துவிடுங்கள். கட்டணம் இல்லை என்பதால் நஷ்டம் எதுவும் இல்லை. புதிய உறுதிப்படுத்தலை மட்டும் வைத்துக்கொண்டு, பழையதைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுங்கள். முகப்பில் அவசரத்தில் தவறானதைக் காட்டிவிட நேரும்.

தாய்லாந்தின் டிடிஏசியில், பயண விவரங்கள், தங்குமிடம் போன்றவற்றைச் சமர்ப்பித்த பிறகும் அதே தளத்தில் திருத்திக்கொள்ளலாம். ஆனால் பெயர், பாஸ்போர்ட் எண், நாட்டுரிமை, பிறந்த தேதி ஆகியவற்றில் பிழை என்றால் திருத்த வழியில்லை, புதிய படிவம்தான். ஆகவே சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இந்த நான்கையும் வேறொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபார்ப்பது நல்லது. குறிப்பாகப் பாஸ்போர்ட் எண்ணில், பூச்சியத்துக்குப் பதில் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டிவிடுவது கண்ணுக்கே தெரியாத பிழை. கைப்பேசி தானாக நிரப்பித் தரும் பழைய விவரங்களையும் நம்ப வேண்டாம். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்களின் படிவத்தில் பழைய எண் நுழைவது இப்படித்தான்.

தேடுபொறியில் முதலில் வந்த தளத்தில் மலேசியப் படிவத்தை நிரப்பினேன். இறுதியில் பணம் கேட்டது, கட்டிவிட்டேன். இது முறையானதுதானா?
*வாசகர், மதுரை*

அரசின் தளம் அதுவல்ல. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இந்தியா ஆகிய நான்கு நாடுகளும் வருகைப் படிவத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. தேடுபொறியில் விளம்பரமாக மேலே வரும் தனியார் தளங்கள், அரசு முத்திரையை ஒத்த அலங்காரங்களுடன் இந்தப் பணத்தைக் கறக்கின்றன. முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன் உள்ள பகுதி எப்படி முடிகிறது என்று பாருங்கள்: மலேசிய அரசுத் தளம் என்றால் ‘கவ் டாட் எம்ஒய்’, சிங்கப்பூர் என்றால் ‘கவ் டாட் எஸ்ஜி’, தாய்லாந்து என்றால் ‘கோ டாட் டிஎச்’ என்று முடிய வேண்டும்.

போன பணத்தைவிட, பாஸ்போர்ட் விவரமும் வங்கி அட்டை எண்ணும் முன்பின் தெரியாதவரிடம் போனதே எனக்குக் கவலை தருகிறது. வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்குங்கள். பின்னர் அரசுத் தளத்தில் நீங்களே படிவத்தை நிரப்புங்கள், ஏனெனில் அந்தத் தளம் உண்மையிலேயே சமர்ப்பித்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இதோடு ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இலங்கையின் இடிஏ, இந்தியாவின் இ-விசா போன்றவை நுழைவு அனுமதிகள். அவற்றுக்குக் கட்டணம் இருக்கலாம். வருகைப் படிவம் என்பது தகவல் மட்டுமே. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவருக்குச் சிங்கப்பூர் விசா தேவை. விசா இல்லாமல் படிவத்தை மட்டும் நிரப்பிச் சென்றால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

சிங்கப்பூரில் தங்கியிருக்கும்போது ஒருநாள் பேருந்தில் ஜொகூர் பாரு சென்று திரும்ப எண்ணம். மீண்டும் படிவம் வேண்டுமா?
*வாசகி, சென்னை*

வேண்டும். போகும்போது மலேசியப் படிவம், திரும்பும்போது சிங்கப்பூர்ப் படிவம். சாலை வழியே வந்தாலும் ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியே. கைக்குழந்தைக்கும் உண்டு. உங்கள் சிங்கப்பூர் விசா ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய இடம் தருகிறதா என்று பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.

படிவத்தைச் சமர்ப்பித்து ஒரு நாளாகியும் மின்னஞ்சல் வரவில்லை.
*வாசகர், கோயம்புத்தூர்*

ஸ்பேம் பெட்டியில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் மின்னஞ்சல் முகவரியையே தவறாகத் தட்டியிருக்க வாய்ப்புண்டு. காத்திருக்காமல் மறுபடி சமர்ப்பியுங்கள். இம்முறை இறுதியில் தோன்றும் உறுதிப்படுத்தல் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், அல்லது பிடிஎஃப் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் இணையம் கிடைக்காமல் போனாலும் அது கைகொடுக்கும்.